இன்டர்நெட் வரவில்லையா? கம்ப்யூட்டரை அழித்துவிடாதீர்கள்!

புதுமடத்தில் ஒரு வீடு. மாலை 5 மணி.

லேப்டாப் முன்னால் ஒரு மாணவி உட்கார்ந்திருக்கிறாள். கண்ணில் நீர் முட்டி நிற்கிறது.

அன்று இரவு 12 மணிக்குள் கல்லூரி விண்ணப்பத்தை அனுப்பியாக வேண்டும். மதிப்பெண் பட்டியல், சான்றிதழ் எல்லாம் படமாக அந்த லேப்டாப்பில்தான் இருக்கின்றன. ஆனால் எந்தப் பக்கமும் திறக்கவில்லை!

"இது பழைய பெட்டி. பார்மட் செய்துவிட்டால் சரியாகிவிடும்" என்றான் பக்கத்து வீட்டுப் பையன்.

பார்மட் என்றால் என்ன? கம்ப்யூட்டரில் உள்ள அத்தனையையும் துடைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவது. அந்த லேப்டாப்பிலோ, ராத்தாவின் கல்யாணப் படங்கள் இருந்தன. வேறு எங்கும் பிரதி இல்லை!

"அதைத் தொடாதே!" என்று உம்மா சத்தம் போட்டார்.

நல்ல வேளையாக, கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்த உறவுக்கார இளைஞர் ஒருவர் அப்போது உள்ளே வந்தார். அவர் செய்ததைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

அரசு கொடுத்த லேப்டாப்

அது தமிழக அரசு இலவசமாகக் கொடுத்த லேப்டாப். ராத்தா பிளஸ் டூ படித்தபோது கிடைத்தது. அந்தத் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. அந்த லேப்டாப்புகளில் இரண்டு சிஸ்டம் இருந்தன. ஒன்று விண்டோஸ். மற்றொன்று 'பாஸ் லினக்ஸ்'.

லினக்ஸ் யாருக்கும் சொந்தமில்லாத பொதுக் கிணறு மாதிரி. காசு கொடுக்க வேண்டாம். 1991-ல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற கல்லூரி மாணவர் அதைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 21! அதை வைத்து நம் நாட்டு சி-டாக் நிறுவனம் உருவாக்கியதுதான் 'பாஸ்'.

இந்த வீட்டு லேப்டாப்பில் விண்டோஸ் எப்போதோ கெட்டுவிட்டது. லினக்ஸ் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. சில ஆண்டுகளாக பீரோவில் கிடந்ததைத் தங்கை இப்போது எடுத்திருக்கிறாள்.

முதலில் விளக்கைப் பார்!

இளைஞர் லேப்டாப்பைத் தொடவே இல்லை. நேராகச் சுவரில் இருந்த வைபை பெட்டியிடம் போனார்.

"ஏன் காக்கா, கெட்டது லேப்டாப்தானே?" என்று கேட்டாள் மாணவி.

"அது இன்னும் தெரியாது, தங்கச்சி" என்றார் அவர்.

இன்டர்நெட் நம் வீட்டுக்குக் கண்ணாடி இழை வழியாக வருகிறது. தலைமுடி போன்ற அந்த இழைக்குள் ஓடுவது மின்சாரம் அல்ல, ஒளி! இழை அறுந்தாலும், கூர்மையாக மடங்கினாலும் ஒளி நின்றுவிடும். அப்போது பெட்டியில் 'எல்.ஓ.எஸ்.' என்ற இடத்தில் சிவப்பு விளக்கு எரியும். அது எரிந்தால் லேப்டாப்பில் எதைச் செய்தும் பயனில்லை. கம்பெனிக்குப் போன் செய்ய வேண்டியதுதான்.

இங்கே பச்சை விளக்கு எரிந்தது. உம்மாவின் போனை வைபையில் போட்டுப் பார்த்தார். வேலை செய்தது. அப்படியானால் தெருவில் கோளாறு இல்லை. வீட்டுக்குள்தான்!

வைபைக்குப் பதிலாக ஒயர் போட்டிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மன்னார் வளைகுடாக் கரையில் உப்புக் காற்று சும்மா விடாது. ஒயர் முனையில் உள்ள செப்புத் தகடுகளில் பச்சை பூத்துவிடும். முனையைக் கழற்றிப் பாருங்கள். கறுத்தோ பச்சையாகவோ இருந்தால் வேறு ஒயர் போடுங்கள். இருபது நிமிட வேலை இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும்.

கை பட்டு அணைந்த வைபை

பிறகு லேப்டாப்பைத் திறந்தார். வைபை அடையாளம் தெரிந்தது.

அந்த அடையாளமே இல்லாவிட்டால்? விமானப் படம் போட்ட சாவி ஒன்று விசைப்பலகையில் இருக்கும். அதில் கை பட்டால் வைபை அணைந்துவிடும். மறுபடி அழுத்தினால் வரும். பல வீடுகளில் கோளாறு இவ்வளவுதான்!

விண்டோசும் லினக்சும் சேர்ந்து இருக்கும் கம்ப்யூட்டரில் இன்னொரு வம்பு உண்டு. புதிய விண்டோஸ்கள், அணைத்த பிறகும் அரைத் தூக்கத்தில் இருக்கும். வைபை கருவியை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். லினக்ஸ் பாவம், தவிக்கும்! விண்டோசில் 'ஷட் டவுன்' கொடுக்காமல் 'ரீஸ்டார்ட்' கொடுத்து லினக்சுக்கு வாருங்கள்.

கடலில் கேட்கும் எதிரொலி

அடுத்து இளைஞர் 'டெர்மினல்' என்ற கறுப்புக் கட்டத்தைத் திறந்தார். இதைக் கண்டு பயப்பட வேண்டாம். கம்ப்யூட்டரிடம் எழுத்தில் பேசும் இடம் அது.

ஐ, பி என்ற இரண்டு ஆங்கிலச் சிறிய எழுத்துக்களைத் தட்டினார். ஓர் இடம் விட்டு, ஏ என்ற எழுத்தைத் தட்டினார். என்னென்னவோ வரிகள் வந்தன. அவற்றில் 192.168.1.7 என்ற எண் இருந்தது. அதுதான் லேப்டாப்புக்கு வைபை பெட்டி கொடுத்த வீட்டு எண். அந்த எண் இல்லாவிட்டாலோ, 169.254 என்று தொடங்கினாலோ, பெட்டி எண் கொடுக்கவில்லை என்று பொருள். பெட்டியை அரை நிமிடம் அணைத்துப் போட்டால் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

பிறகு 'பிங்' என்று தட்டி, இடம் விட்டு 192.168.1.1 என்று தட்டினார். அது வைபை பெட்டியின் எண். வரிக்கு வரி பதில் வந்தது!

பிங் என்றால் என்ன? விசைப்படகில் எக்கோ சவுண்டர் கருவியைப் பார்த்திருப்பீர்கள். அது கடலுக்குள் ஒலியை அனுப்பும். தரையில் பட்டுத் திரும்பும் எதிரொலியை வைத்து ஆழத்தைச் சொல்லும். அதே வேலையைத்தான் பிங் செய்கிறது. "இருக்கிறாயா?" என்று கேட்கும். "இருக்கிறேன்" என்று பதில் வரும். அமெரிக்க ராணுவ ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்த்த மைக் மூஸ் 1983 டிசம்பரில் இதை எழுதினார். நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடும் கருவியின் ஓசையைத்தான் இதற்குப் பெயராக வைத்தார். (லினக்சில் பிங் தானாக நிற்காது. கண்ட்ரோல் சாவியையும் சி எழுத்தையும் சேர்த்து அழுத்த வேண்டும்.)

அடுத்து 8.8.8.8 என்ற எண்ணுக்குப் பிங். அது கூகுள் வைத்திருக்கும் எண். ஊருக்கு வெளியே இருந்தும் எதிரொலி வந்தது!

எண்ணுக்குப் பதில் ஒரு பெயரைத் தட்டினார். அதற்கும் பதில் வந்தது. எண்ணுக்குப் பதில் வந்து, பெயருக்கு வராவிட்டால், பெயரை எண்ணாக மாற்றித் தரும் 'டி.என்.எஸ்.' என்ற டைரக்டரியில் கோளாறு. வைபை அமைப்பில் டி.என்.எஸ். என்ற இடத்தில் 8.8.8.8 என்று எழுதினால் போதும்.

ஆனால் இங்கே எல்லாம் சரியாக இருக்கிறதே! பிறகு ஏன் பக்கம் திறக்கவில்லை?

"இன்று என்ன தேதி?"

மணி ஏழாகிவிட்டது. உம்மா தேநீர் கொண்டுவந்து வைத்தார். யாரும் குடிக்கவில்லை.

இளைஞர் பிரவுசரைத் திறந்தார். "பாதுகாப்பான பக்கம் அல்ல" என்று ஆங்கிலத்தில் ஒரு நீண்ட எச்சரிக்கை. இரண்டு நாளாக அதை ஒருவரும் முழுதாகப் படிக்கவில்லை. அவர் கடைசி வரி வரை படித்தார். சிரித்துவிட்டார்.

"தங்கச்சி, இன்று என்ன தேதி? லேப்டாப்பில் பார்த்துச் சொல்."

அவள் மூலையைப் பார்த்தாள். 2012 ஜனவரி 1!

லேப்டாப்புக்குள் நாணயம் போன்ற சின்ன பாட்டரி ஒன்று உண்டு. கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போதும் கடிகாரத்தை ஓட வைப்பது அதுதான். பீரோவில் கிடந்த காலத்தில் அது செத்துவிட்டது. கடிகாரம் பழைய காலத்துக்குப் போய்விட்டது.

தேதி தவறினால் இன்டர்நெட் ஏன் நிற்க வேண்டும்? பாதுகாப்பான ஒவ்வொரு இணையப் பக்கத்துக்கும் ஒரு சான்றிதழ் உண்டு. ரயில் சீசன் டிக்கெட் மாதிரி. இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை என்று அதில் இருக்கும். 2012-ல் இருப்பதாக நினைக்கும் லேப்டாப்புக்கு அந்த டிக்கெட் இன்னும் தொடங்கவே இல்லை. "இது செல்லாது" என்று கதவை மூடிவிடுகிறது. லேப்டாப்பின் மேல் குற்றமில்லை. நம் வீட்டுப் பணத்தையும் பாஸ்வேர்டையும் திருடர்களிடமிருந்து காப்பதற்காகத்தான் அந்தக் கண்டிப்பு.

பார்மட் செய்திருந்தால்? படங்கள் போயிருக்கும். தேதி அப்படியே இருந்திருக்கும்!

இளைஞர் தேதியைத் திருத்தினார். நேரத்தை இன்டர்நெட்டிலிருந்து தானே எடுத்துக்கொள்ளும் வசதி அணைந்து கிடந்தது. அதையும் போட்டார். பக்கம் திறந்தது.

ஒன்பது மணிக்குள் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. அதன் பிறகு முதல் வேலையாக, ராத்தாவின் கல்யாணப் படங்களை ஒரு பென் டிரைவில் பிரதி எடுத்தார்கள். துபாயில் இருக்கும் வாப்பாவுக்கும் சில படங்கள் போயின.

பாட்டரி இன்னும் மாற்றவில்லை. அதற்கு ராமநாதபுரம் போக வேண்டும். அதுவரை, ஒவ்வொரு முறை திறக்கும்போதும் மூலையில் தேதியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு இளைஞர் கிளம்பினார். ஆறிப்போன தேநீரை உம்மா மறுபடி சூடாக்கிக் கொடுத்த பிறகுதான் விட்டார்.