தோல் ஷாப்பில் யாருக்கு உயிர் இருக்கிறது?

ஆம்பூரில் தைத்த ஒரு ஷூவைக் கையில் எடுங்கள். அதன் தோல் ஒரு காலத்தில் ஆட்டின் முதுகில் இருந்தது. ஆட்டுக்குட்டி வளர வளர அதுவும் வளர்ந்தது. முள் கீறினால் ஆறியது, ஈ உட்கார்ந்தால் சிலிர்த்தது. இப்போது கிழிந்தால் தானாகச் சேராது, தைக்கத்தான் வேண்டும். வளர்தல், உணர்தல், தன்னைத் தானே சரிசெய்துகொள்ளுதல் என்று உங்கள் பாடப் புத்தகம் சொல்லும் உயிரின் அடையாளங்களில் ஒன்றுகூட அதில் மிச்சமில்லை. ஷூவுக்கு உயிர் இல்லை. இது சுலபமான கேள்வி.

இப்போது கொஞ்சம் கடினமானது. உரித்து ஒரு மணி நேரமே ஆன பச்சைத்தோலில் உயிர் இருக்கிறதா?

ஆட்டின் மூச்சு நின்றதும் தோலின் செல்களுக்கு ஆக்சிஜனும் உணவும் வருவதில்லை. கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்துவிட்டு அவையும் இறந்துபோகும். ஆனால் அந்தத் தோலில் உயிர் குறைவதில்லை, கூடிக்கொண்டே போகிறது! ஏற்கெனவே முடியிலும் அழுக்கிலும் ஒட்டியிருந்த பாக்டீரியாக்களுக்கு அது பெரிய விருந்து. அவை தின்னும், கழிவை வெளியேற்றும், இரண்டு இரண்டாகப் பிளந்து பெருகும். சூடும் ஈரமும் உணவும் சரியாக அமைந்தால் சில வகைகள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை பிளக்கும். ஒரே ஒரு பாக்டீரியாவில் தொடங்கி 10 மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 107 கோடியைத் தாண்டிவிடும். நிஜத்தில் இடமும் உணவும் தீர்ந்துவிடும் என்பதால் கணக்கு அப்படியே நடக்காது. ஆனாலும் வேலூர் வெயிலில் கிடக்கும் தோல் ஒரே நாளில் நாறுவதற்குக் காரணம் இதுதான்.

அதனால்தான் உரித்த கையோடு உப்பைக் கொட்டுகிறார்கள். கொஞ்ச நஞ்சம் இல்லை, தோலின் எடையில் ஏறக்குறைய பாதி அளவுக்குப் போவதும் உண்டு. உப்பு, தோலிலிருந்தும் பாக்டீரியாவின் உடலிலிருந்தும் நீரை இழுத்துவிடும். நீர் இல்லாமல் எந்த உயிரும் வேலை செய்யாது. சாப்பாடு முன்னால் இருக்கும், ஆனால் சாப்பிட முடியாது. இதிலும் விதிவிலக்குகள் உண்டு. உப்பளத்தில் பிறந்து, உப்போடு வந்து, உப்பிலேயே குஷியாக வாழும் சில நுண்ணுயிர்கள் உப்புத்தோலில் செந்நிறத் திட்டுகளாகப் படரும். தோல் வியாபாரிகளுக்கு அந்தச் சிவப்பைக் கண்டாலே ஆகாது.

உப்பு தற்காலிக ஏற்பாடுதான். தோலைக் கழுவினால் பாக்டீரியா மறுபடி வரும். நிரந்தர வழி, அந்தச் சாப்பாட்டையே சாப்பிட முடியாததாக மாற்றுவது. அதற்கு, தோலில் இருப்பது என்ன என்று தெரிய வேண்டும். தோலின் செல்கள் உயிரோடு இருந்தபோது கொலாஜன் என்ற புரத நாரைக் கட்டி வைத்தன. அந்த நாருக்கு உயிர் கிடையாது. உயிர் செய்துவைத்த பொருள் அது. ஆட்டுக்கால் பாயா ஆறினால் ஜெல்லி மாதிரி கட்டிக்கொள்ளும் அல்லவா? வெந்து பிரிந்த கொலாஜன்தான் அது. அதன் வடிவத்தைக் கண்டுபிடித்ததும் நம் மாநிலத்தில்தான். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும், பக்கத்திலிருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வாங்கிய கங்காரு வால் தசைநாணை எக்ஸ் கதிரில் ஆராய்ந்தார்கள். மூன்று இழைகள் முறுக்கிய அமைப்பு அது என்று 1954-ல் அறிவித்தார்கள். கங்காரு வால் எப்படிச் சென்னைக்கு வந்தது என்பது தனிக்கதைக்குரிய விஷயம்!

டேனரியில், அதாவது தோல் பதனிடும் தோல் ஷாப்பில் நடப்பது, அந்த இழைகளுக்கு இடையே பூட்டுப் போடுவது. பழைய முறையில் ஆவாரம் பட்டையை ஊறவைத்த நீரில் தோலைப் போடுவார்கள். ஆவாரஞ்செடி தன்னைத் தின்ன வருபவர்களிடமிருந்து தப்பிக்க உடம்பில் வைத்திருக்கும் துவர்ப்பு, ஆட்டுத்தோலையும் காப்பாற்றுகிறது. இன்று பெரும்பாலும் பெரிய டிரம்களில் குரோமிய உப்போடு சுழற்றுகிறார்கள். தோல் நீலமாகி வெளியே வரும். பூட்டு சரியாக விழுந்ததா என்று பார்க்க ஒரு துண்டை வெட்டிக் கொதிநீரில் போடுவார்கள். பச்சைத்தோல் 60 டிகிரி செல்சியஸ் சூட்டிலேயே சுருண்டுவிடும். பதமான குரோமியத் தோல் கொதிக்கும் தண்ணீரிலும் சுருங்காமல் கிடக்கும். அதைக் கடிக்க பாக்டீரியாவின் நொதிகளால் சுலபமாக முடியாது.

இந்தத் தோல் கதையில் என்னை மிகவும் குழப்பும் ஆள் ஒருவர் இருக்கிறார்: அடைப்பான் நோயைத் தரும் பாக்டீரியா. நிலைமை சரியில்லை என்றால் அது ஸ்போர் என்ற கெட்டியான உறைக்குள் ஒடுங்கிவிடும். தின்னாது, வளராது, பெருகாது. மண்ணிலும் காய்ந்த தோலிலும் பல ஆண்டுகள் அப்படியே கிடக்கும், உப்புக்கும் அசையாது. உயிரற்றது என்று எழுதி மதிப்பெண் கேட்டுவிடாதீர்கள். ஏதுவான உடல் கிடைத்தால் எழுந்துகொள்ளும். அந்த நோயில் இறந்த மாட்டின் தோலை உரிக்கவே கூடாது என்று கால்நடை மருத்துவர்கள் கண்டிப்பாகச் சொல்வதற்குக் காரணம் அது. உயிரின் அடையாளங்கள் எல்லாம் எல்லா நேரமும் வெளியே தெரியாது போலிருக்கிறது.

தோலிலிருந்து இத்தனை பாடுபட்டு விரட்டிய பாக்டீரியாக்களை, தோல் ஷாப்பின் கழிவைச் சுத்தம் செய்யக் கூப்பிட்டு வேலைக்கு வைக்கிறார்கள். கழிவுநீர் பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்துவிட்டது என்று வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கழிவைச் சுத்தம் செய்யாமல் டேனரி நடத்தக் கூடாது என்பது கட்டாயமாயிற்று. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டையில் உள்ள பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் பெரிய தொட்டிகளுக்குள் காற்றை ஊதிக்கொண்டே இருப்பார்கள். உள்ளே இருக்கும் பாக்டீரியாக்கள் மூச்சுவிட அந்த ஆக்சிஜன் வேண்டும். கழிவில் மிதக்கும் கொழுப்பையும் புரதத்தையும் அவை தின்று தீர்க்கும். மின்சாரம் நின்று காற்று வராவிட்டால் அவை திணறிவிடும்.

அந்தப் பாக்டீரியாக்களுக்குப் பெரிய தொல்லை, முதலில் தோலில் கொட்டிய அதே உப்பு. கழுவும்போது கரைந்து வந்து தொட்டியிலும் அவற்றை வாட்டும். உப்பைத் தின்று ஒழிக்கும் பாக்டீரியாவும் கிடையாது. ஆர்.ஓ. சவ்வில் நீரை வடிகட்டி, மிஞ்சியதைக் காய்ச்சி, உப்பைத் தனியே எடுக்க வேண்டும். எடுத்த உப்பை எங்கே வைப்பது என்பது அடுத்த தலைவலி. அதனால் டேனரியில் தோலை ஊறவைக்கும் முன்பே உதறி, தட்டி, உதிர்கிற உப்பைக் கூட்டி எடுத்துவிடுகிறார்கள்.