பள்ளிகளில் எண்ணிமத் தொழில்நுட்பத் திட்டமிடல்

பள்ளிகளில் எண்ணிமத் தொழில்நுட்பத் திட்டமிடல் என்பது, கணினி, இணையம், திறன்பலகை போன்றவற்றை ஒரு பள்ளி எதற்காக, எந்த வரிசையில், யார் பொறுப்பில் பயன்படுத்தும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்து, அதன்படி நடக்கிறதா எனக் கண்காணிக்கும் பணியாகும்.

பின்னணி

தமிழ்நாட்டில் 2011 செப்டம்பர் 15 அன்று விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. 2019 ஆகஸ்டு 26 அன்று கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பட்டது. அரசு உயர்நிலைப் பள்ளிகளுக்கு 10, மேல்நிலைப் பள்ளிகளுக்கு 20 கணினிகள் என உயர்தொழில்நுட்ப ஆய்வகங்களும் அமைக்கப்பட்டன.

கருவிகள் வந்தால் மட்டும் கற்றல் உயர்ந்துவிடாது. பெரு நாட்டில் மாணவர்களுக்கு மடிக்கணினி வழங்கிய திட்டத்தை 319 பள்ளிகளில் ஆராய்ந்தபோது, கணிதம், மொழித் தேர்வுகளில் முன்னேற்றம் காணப்படவில்லை.

திட்டமிடும் முறை

கல்வி உரிமைச் சட்டம் 2009, பள்ளி மேலாண்மைக் குழு பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிக்க வேண்டும் என்கிறது. எண்ணிமத் தேவைகளையும் அதில் சேர்க்கலாம்.

* பாடத் தேவை: இரத்த ஓட்டம் போன்று நேரில் காட்ட இயலாத பாடங்களை ஆசிரியர்கள் முதலில் பட்டியலிட வேண்டும்.
* இருப்பு: இயங்குபவை, பழுதானவை, மின் இணைப்பு, இணைய வேகம் ஆகியவற்றைக் கணக்கெடுக்க வேண்டும்.
* கால அட்டவணை: 10 கணினிகளுக்கு 40 மாணவர்கள் ஒன்றாக வந்தால் ஒரு கணினிக்கு நால்வர், இரு பிரிவாக வந்தால் இருவர்.
* பொறுப்பு: ஒருவருக்கு மட்டும் பயிற்சி அளித்தால், அவர் மாறுதலாகிச் சென்றதும் ஆய்வகம் பூட்டப்படும். எனவே குறைந்தது இரு ஆசிரியர்கள் தேவை.
* பராமரிப்பு: பழுதுநீக்கம், மின்கலம் மாற்றுதல் ஆகியவற்றுக்கு ஆண்டுதோறும் நிதி ஒதுக்க வேண்டும்.

கடலூர், சிதம்பரம் சூழல்

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூர், புதுச்சேரி இடையே கரையைக் கடந்தபோது மின்கம்பங்கள் பெருமளவில் சாய்ந்தன. 2015 மழைவெள்ளமும் கடலூர் மாவட்டத்தைக் கடுமையாகப் பாதித்தது. சிதம்பரம் பகுதிக்கு வடக்கே வெள்ளாறும் தெற்கே கொள்ளிடமும் ஓடுகின்றன.

ஆகவே, இப்பகுதிப் பள்ளிகள் மாடி அறையில் ஆய்வகம் அமைப்பது நல்லது. தரைத்தளம் மட்டுமே இருந்தால் கணினிகளை உயரமான மேடையில் வைக்கலாம். வடகிழக்குப் பருவமழைக்கு முன் மின் இணைப்புகளைச் சரிபார்ப்பதும், காணொலிப் பாடங்களை முன்பே பதிவிறக்கி வைப்பதும், புயல் எச்சரிக்கை வந்ததும் இணைப்புகளைத் துண்டிப்பதும் இழப்பைக் குறைக்கும்.

மதிப்பீடு

எந்த வகுப்பு, எந்தப் பாடத்துக்கு, எத்தனை மணி நேரம் ஆய்வகத்தைப் பயன்படுத்தியது என்பதைப் பதிவேட்டில் குறித்து, பருவந்தோறும் மேலாண்மைக் குழுவில் வாசிக்கலாம். வீட்டில் கணினி இல்லாத மாணவருக்குப் பள்ளிக் கணினியே முதல் வாய்ப்பு. அந்த வாய்ப்பு அவருக்குக் கிடைத்ததா என்பதை இப்பதிவேடு காட்டும்.