மின்தடை இரவில் ஜெனரேட்டர்: நோயாளி உள்ள இல்லங்களுக்குச் சில விளக்கங்கள்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடலுக்கு வெகுதொலைவில் உள்ள மாவட்டங்களும் அதன் மழைக்குத் தப்பவில்லை. ஊத்தங்கரையில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டியது. திருவண்ணாமலையில் ஏற்பட்ட மண்சரிவு ஏழு உயிர்களைப் பறித்தது. ஜவ்வாது மலை இவ்விரு ஊர்களுக்கும் தொலைவில் இல்லை. மரம் சாய்ந்து கம்பி அறுந்தால், மலைப்பாதை சீராகும் வரை மின்சாரமும் வருவதில்லை.

இல்லத்தில் ஆக்சிஜன் செறிவூட்டியை நம்பி வாழ்பவர்களுக்கு அந்நேரம் பெரும் சோதனையாகும். ஆகவே, சிறிய ஜெனரேட்டரை வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ பலர் எண்ணுகின்றனர். அது உயிர்காக்கும் கருவியே. ஆயினும் தவறாகக் கையாண்டால் அதுவே உயிரைப் பறிக்கும்.

புகையில் மறைந்திருக்கும் நஞ்சு

பெட்ரோலோ டீசலோ எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு வெளிப்படுகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. நம் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுடன் அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான வலிமையோடு பிணைந்துகொள்கிறது. மூச்சு தடையின்றி ஓடும்போதே உடலுக்கு உயிர்வளி கிட்டாமற்போகிறது. 2020 ஆகஸ்டில் அமெரிக்காவின் லூசியானாவை லாரா புயல் தாக்கியபோது, காற்றுக்கும் வெள்ளத்துக்கும் தப்பியவர்கள் பலர் ஜெனரேட்டர் புகையால் மாண்டனர்.

தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், அசதி, மனக்குழப்பம் ஆகியவை இதன் அறிகுறிகள். வீட்டிலுள்ள அனைவருக்கும் ஒரே வேளையில் தலைவலி தோன்றினால் உடனே ஐயம் கொள்ளுங்கள். இங்கு ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம்: விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரை இவ்வேளையில் நம்பாதீர்கள். கார்பன் மோனாக்சைடு ஏறிய இரத்தத்தையும் ஆக்சிஜன் நிறைந்த இரத்தத்தையும் அக்கருவியால் பிரித்தறிய இயலாது. நஞ்சு ஏறிய நிலையிலும் அது 98 என்றே காட்டக்கூடும்.

ஜெனரேட்டரை மழைக்கு அஞ்சித் திண்ணையிலோ மாட்டுக்கொட்டகையிலோ வைத்து இயக்கலாகாது. சன்னலைத் திறந்து வைப்பதும் போதாது. வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, புகைக்குழாய் வீட்டுக்கு எதிர்த்திசை நோக்குமாறு, சற்று மேடான இடத்தில் வையுங்கள். மேலே கூரை இருக்கலாம்; நாற்புறமும் திறந்திருக்க வேண்டும். குளிருக்காகக் கரி மூட்டிக் கதவை அடைத்து உறங்குவதும் இதே நஞ்சை அறைக்குள் நிரப்பும் செயலே என்பதை மறவாதீர்கள்.

எவ்வளவு மின்சாரம் தேவை?

நிமிடத்துக்கு 5 லிட்டர் தரும் செறிவூட்டிக்குப் பொதுவாக 300 முதல் 400 வாட் வரை தேவைப்படும். 1 கேவிஏ ஜெனரேட்டர் ஏறத்தாழ 800 வாட் தரும். அதில் செறிவூட்டியையும் ஓரிரு விளக்குகளையும் இயக்கலாம். குளிர்சாதனப் பெட்டி தொடங்கும் கணத்தில் வழக்கத்தைவிடப் பன்மடங்கு மின்சாரத்தை இழுக்குமாதலால், அதனையும் உடன் இணைக்காதீர்கள். இன்சுலின் குறித்து அஞ்ச வேண்டியதில்லை. பயன்பாட்டில் உள்ள இன்சுலினை 30 பாகை செல்சியசுக்கு மிகாத இடத்தில் பெரும்பாலும் நான்கு வாரம் வரை வைத்திருக்கலாம்.

இணைக்கும் முறை

கருவியின் வயரை நேராக ஜெனரேட்டரில் செருகுங்கள். வீட்டுச் சுவரிலுள்ள பிளக்கில் ஜெனரேட்டரை இணைக்கும் வழக்கம் மிகக் கொடியது. அம்மின்சாரம் பின்னோக்கிப் பாய்ந்து, டிரான்ஸ்ஃபார்மரில் பன்மடங்கு உயர்ந்து, இருளில் கம்பியைச் சீர்செய்யும் மின்வாரிய ஊழியரைக் கொல்லக்கூடும். வீடு முழுவதற்கும் மின்சாரம் வேண்டுமெனில், உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு சேஞ்ச்-ஓவர் சுவிட்ச் பொருத்தச் செய்யுங்கள். எரிபொருள் ஊற்றுமுன் எந்திரத்தை நிறுத்தி, சூடு ஆறும் வரை காத்திருங்கள். செறிவூட்டி உள்ள அறையில் பீடியோ விளக்கோ அடுப்போ கூடாது.

ஜெனரேட்டரை மட்டும் நம்பலாமா?

கூடாது என்பதே எங்கள் கருத்து. எந்திரம் பழுதாகலாம், எரிபொருள் தீரலாம். 1,500 லிட்டர் கொள்ளும் ‘பி’ வகை ஆக்சிஜன் சிலிண்டர், நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் ஏறத்தாழ 12 மணி நேரம் வரும். மின்சாரமே வேண்டாத அதுவே முதல் காப்பு. ஐப்பசி பிறக்குமுன் அதனை நிரப்பி, மீட்டரையும் குழாயையும் சரிபார்த்து வையுங்கள். ஆக்சிஜன் அளவை மருத்துவர் சொல்லாமல் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

புயல் எச்சரிக்கை வந்தால், இடைவிடாது ஆக்சிஜன் தேவைப்படுவோர் பாதை திறந்திருக்கும்போதே மருத்துவமனைக்கோ கீழூரிலுள்ள உறவினர் இல்லத்துக்கோ சென்றுவிடுவது நலம். புகை நஞ்சு ஏறியதாக ஐயம் எழுந்தால், முதலில் அனைவரும் வெளிக்காற்றுக்கு வாருங்கள். பிறகு 108-ஐ அழையுங்கள். நோயாளியின் சிலிண்டரையும் உடன் எடுத்து வர மறவாதீர்கள்.

அடுத்த முறை மருத்துவரைக் காண வரும்போது, உங்கள் கருவியின் பெயரையும் அதில் குறித்துள்ள வாட் அளவையும் எழுதி வாருங்கள். உங்கள் இல்லத்துக்கு ஏற்ற ஏற்பாட்டை உடனமர்ந்து வகுத்துத் தருவோம்.