தொகிலமும் நுரட்டையும்

தொகிலம். நுரட்டை. மிசுளாறு.

இந்த மூன்றையும் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். அகராதியில் தேட வேண்டாம். இந்தக் கட்டுரைக்காக இட்டுக்கட்டியவை. ஆனாலும் பெரிய தடங்கல் இல்லாமல் படித்திருப்பீர்கள். அந்த இரண்டு மூன்று விநாடிகளில் உங்கள் மூளை ஒவ்வோர் எழுத்துக்கும் உரிய ஒலியை எடுத்து, வரிசை குலையாமல் கோத்து, நாவுக்கு அனுப்பிவிட்டது. ‘பள்ளிக்கூடம்’ போன்ற பழகிய சொல்லுக்கு இவ்வளவு பாடு தேவையில்லை. பலமுறை பார்த்த முகம்போல அது பார்த்ததும் தெரிந்துவிடும்.

டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புச் சிரமம் உள்ளவர்கள் பெரும்பாலும் இடறுவது எழுத்து ஒலியாக மாறும் இந்த இடத்தில்தான். அறிவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. 1896இல் இங்கிலாந்து மருத்துவர் பிரிங்கிள் மார்கன் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். பெர்சி என்ற தன் பெயரையே அவன் எழுத்து மாற்றி எழுதினான். ஆனால் மூன்றிலக்க எண்கள் இரண்டைச் சட்டென்று சரியாகப் பெருக்கினான். பாடம் முழுவதும் வாய்மொழியாக நடந்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்று அவனுடைய ஆசிரியர் கருதினார்.

அப்படிப்பட்ட பையன் பல்கலைக்கழகம் வரை வந்துவிட்டால் அவனை எப்படிக் கண்டுகொள்வது? டிஸ்லெக்சியா ஆய்வில் என்னை மிகவும் ஈர்த்த கேள்வி இது. ஏனென்றால் அதற்குள் அவன் பல வழிகளைக் கற்றிருப்பான். அம்மா வாசிக்கக் கேட்டு மனப்பாடம் செய்திருப்பான். அடிக்கடி வரும் சொற்களை முழு உருவமாகவே நினைவில் வைத்திருப்பான். எழுத்துப்பிழை வரும் சொல்லைத் தவிர்த்து வேறு சொல் போட்டு எழுதுவான். சாதாரணப் பத்தி ஒன்றைக் கொடுத்தால் படித்தும் விடுவான். மதிப்பெண்ணைப் பார்த்து யாருக்கும் சந்தேகம் வராது. தடித்த புத்தகங்கள், விரிவுரையைக் கேட்டபடியே குறிப்பெடுப்பது, மூன்று மணி நேரத் தேர்வு என்று எல்லாம் ஒன்றாக வரும்போதுதான் அந்த வழிகள் போதாமல் போகின்றன.

அதனால்தான் பொருளற்ற சொற்கள் தேவைப்படுகின்றன. ‘தொகிலம்’ என்ற சொல்லை யாரும் மனப்பாடம் செய்திருக்க முடியாது. பிரிட்டனின் யார்க் பல்கலைக்கழகத்தில் ஹாட்சர், ஸ்னோலிங், கிரிஃபித்ஸ் மூவரும் 2002இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. எழுத்துக்கூட்டல், பொருளற்ற சொல் வாசிப்பு, இலக்கங்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்லுதல், எழுதும் வேகம் ஆகிய நான்கு சோதனைகளை வைத்தே டிஸ்லெக்சியா உள்ள மாணவர்களை ஏறக்குறைய 95 சதவீதத் துல்லியத்துடன் பிரித்தறிய முடிந்தது. பெல்ஜியத்தின் கென்ட் நகரில் 2012இல் நடந்த ஆய்வு, சொல் வாசிப்பு, எழுத்துக்கூட்டல், ஒலிகளைக் கையாளும் திறன் என்று மூன்றே போதும் என்றது.

ஒலிகளைக் கையாளுவது என்றால் என்ன? ‘கடல், மணல்’ என்ற இரண்டு சொற்களின் முதலெழுத்துகளை மனத்திற்குள்ளேயே இடம் மாற்றிச் சொல்லுங்கள். ‘மடல், கணல்’ என்று வரும். எழுதிப் பார்க்கக் கூடாது. இதைச் சொல்லப் பலருக்கும் ஓரிரு விநாடி போதும். நன்கு படித்த, கூர்மையான ஒருவர் இதே இடத்தில் நெடுநேரம் திணறினால், ஒலிகளைப் பிரித்து நினைவில் நிறுத்துவதில் அவருக்குச் சிரமம் இருக்கலாம்.

இருக்கலாம் என்றுதான் சொல்ல முடியும். 2,000 மாணவர்களில் 100 பேருக்கு இந்தச் சிரமம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சோதனை அவர்களில் 90 பேரைச் சரியாகப் பிடிக்கிறது. சிரமம் இல்லாத 1,900 பேரில் பத்துக்கு ஒருவரைத் தவறாகக் குறிக்கிறது. அந்த 190 பேரையும் சேர்த்துப் பட்டியலில் 280 பெயர்கள் வரும். உண்மையானவை மூன்றில் ஒரு பங்குகூட இல்லை! நல்ல சோதனையே இப்படித்தான். ஆகவே பிரிட்டனில் இந்த முதற்கட்டச் சோதனையோடு யாருக்கும் முத்திரை குத்துவதில்லை. கல்வி உளவியலாளரோ பயிற்சி பெற்ற சிறப்பாசிரியரோ விரிவாக மதிப்பிட்ட பிறகே முடிவு. அதன்பின் தேர்வில் பொதுவாக 25 சதவீதம் கூடுதல் நேரம் கிடைக்கும்.

நம் ஊரில் சட்டம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பட்டியலிட்ட 21 வகைகளில், டிஸ்லெக்சியாவை உள்ளடக்கிய குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஒன்று. உரிய சான்றிதழ் உள்ளவர்களுக்கு அரசு உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீத இடஒதுக்கீட்டில் பங்கு உண்டு. எழுத்துத் தேர்வில் மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாத கூடுதல் நேரம் தர வேண்டும் என்றது 2018ஆம் ஆண்டு வழிகாட்டுதல். ஆனால் பெங்களூரின் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் உருவாக்கிய, பரவலாகப் பயன்படும் சோதனைத் தொகுப்பு பள்ளிப் பிள்ளைகளுக்கானது. பள்ளியில் தப்பிவிட்டவர் கல்லூரியில் தானாக அகப்படுவதில்லை.

பிரிட்டனின் வினாத்தாளை அப்படியே கொண்டுவந்து இங்கே வைப்பதும் சரியாகாது. தமிழ்வழியில் படித்துப் பொறியியல் கல்லூரிக்கு வந்த ஒரு மாணவி ஆங்கில எழுத்துக்கூட்டலில் தவறினால், அது பழக்கமின்மையாகவே இருக்கலாம். அவரைத் தமிழிலும் சோதித்தாக வேண்டும். அங்கே இன்னொரு நுட்பம் குறுக்கிடுகிறது. ஃபின்னிஷ், ஜெர்மன் போல எழுத்தும் ஒலியும் ஒழுங்காகப் பொருந்தும் மொழிகளில் டிஸ்லெக்சியா உள்ள பெரியவர்கள் அதிகம் பிழையாகப் படிப்பதில்லை, மெதுவாகப் படிக்கிறார்கள். தமிழும் பெருமளவு அப்படித்தான். கடல், அகல், தங்கம் மூன்றிலும் ககரம் வேறுவேறாக ஒலித்தாலும், எந்த இடத்தில் எப்படி ஒலிக்கும் என்பதற்கு முறை இருக்கிறது. ஆகவே தமிழ்ச் சோதனை பிழைகளை மட்டும் எண்ணினால் பலரைக் கோட்டைவிட்டுவிடும். நேரத்தையும் அளக்க வேண்டும். கல்லூரி மாணவர்களுக்கென்று அப்படியொரு சோதனையைத் தமிழில் செப்பமாகச் செய்து, முதலாண்டிலேயே எல்லாருக்கும் வைப்பது நம் பல்கலைக்கழகங்களின் கடமை என்றே நினைக்கிறேன். பதினைந்து ஆண்டுகளாக மறைத்தே பழகியவர் தாமாக வந்து சொல்வார் என்று காத்திருப்பது நியாயமில்லை.

இதைப் படிக்கும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. தோழர்கள் ஒரு மணி நேரத்தில் முடிக்கும் பாடம் உங்களுக்கு மட்டும் மூன்று மணி நேரம் பிடித்தால், தமிழ்ப் பத்தி ஒன்றை எடுத்து நீங்களும் ஒரு தோழரும் நேரம் வைத்துப் படித்துப் பாருங்கள். அங்கேயும் அதே இடைவெளி இருந்தால் கல்லூரி ஆலோசகரையோ உளவியலாளரையோ பார்த்து மதிப்பீடு கேளுங்கள். சோம்பேறி என்ற பட்டத்தை நீங்களே உங்களுக்குச் சூட்டிக்கொள்ளாதீர்கள்.