கரையும் கல், வளரும் கல்

சுண்ணாம்புக் குகை என்பது மழைநீர் பாறையைக் கரைத்துக்கொண்டு போனபின் எஞ்சும் வெற்றிடம். உளியால் குடைந்ததும் அல்ல, பாறைகள் சரிந்து விழுந்ததில் கிடைத்த சந்தும் அல்ல. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் மேற்கே நிற்கும் மலையில் குகை என்று காட்டப்படுபவை பெரும்பாலும் இந்தச் சந்து வகைதான். சதுரகிரியில் சித்தர்கள் தங்கியதாகச் சொல்லப்படும் இடங்களைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். பெரும்பாறை ஒன்று மற்றொன்றின்மேல் சாய்ந்திருக்கும். நடுவில் ஓர் ஆள் உட்கார இடம் இருக்கும். அந்த மலை சார்னோக்கைட், நைஸ் போன்ற கடும்பாறைகளால் ஆனது. எத்தனை காலம் மழை பெய்தாலும் அவற்றின் மேல்தோல்தான் உதிருமே தவிர, உள்ளே மண்டபம் உண்டாகாது.

சுண்ணாம்புக்கல் இந்த வட்டாரத்துக்குப் புதியதல்ல. அருப்புக்கோட்டைப் பக்கம் பந்தல்குடியில் சுண்ணாம்புக்கல் சுரங்கம் இருக்கிறது. ராஜபாளையத்துக்காரரான பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1957-இல் தொடங்கிய மெட்ராஸ் சிமெண்ட்ஸ் நிறுவனம் (இன்றைய ராம்கோ), விருதுநகருக்கும் சாத்தூருக்கும் இடையில் ஆர்.ஆர். நகரில் தன் முதல் ஆலையைக் கட்டியது இந்தக் கல்லை நம்பித்தான். கல் இருந்தும் குகை ஏன் இல்லை? பழைய, படிகமான பாறை என்பதால் என்று சிலர் சொல்வதுண்டு. அது போதாத விளக்கம். விசாகப்பட்டினம் அருகிலுள்ள போரா குகைகளும் பழைய படிகச் சுண்ணாம்புப் பாறையில் அமைந்தவைதான். அங்கே மழையும் கோஸ்தனி ஆறும் சேர்ந்து வேலை செய்தன. விருதுநகர் மாவட்டத்துச் சுண்ணாம்பு, மற்றப் பாறைகளுக்கு நடுவே ஒடுங்கிய பட்டைகளாகக் கிடக்கிறது. நிலம் தட்டை. ஆண்டு மழையோ 800 மில்லிமீட்டரை ஒட்டியே. கரைக்கும் நீரும் போதாது, கரைத்ததை இழுத்துக்கொண்டு ஓட வாட்டமும் போதாது.

தூய நீரில் சுண்ணாம்புக்கல் அநேகமாகக் கரைவதே இல்லை. நீரில் கரியமில வாயு கலந்தால் கதை மாறுகிறது. காற்றில் இந்த வாயு 0.04 சதவீதம்தான், மழைத்துளி வரும் வழியில் அதில் கொஞ்சம் வாங்கிக்கொள்கிறது. மண்ணுக்குள் இறங்கியதும் உண்மையான விருந்து. வேர்கள் மூச்சு விடுகின்றன, இலைச்சருகு மக்குகிறது, நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. மண்ணிடுக்குக் காற்றில் கரியமில வாயு வெளிக்காற்றைவிடப் பல மடங்கு, சில இடங்களில் நூறு மடங்குக்கும் மேல் இருக்கும். அதைக் குடித்த நீர் மெல்லிய அமிலமாகிப் பாறை விரிசலில் இறங்குகிறது. லிட்டருக்குச் சில நூறு மில்லிகிராம் கல்லைத் தன்னுள் கரைத்துக்கொள்கிறது. விரிசல் விரல் பருமனாகி, பின் குழாயாகி, கடைசியில் ஆள் நடமாடும் கூடமாக அகல்கிறது. மழையும் வெப்பமும் அடர்ந்த காடும் ஒன்றாக வாய்த்த வெப்பமண்டலக் கரைகளில் குகைகள் செழிப்பது இதனால்தான்.

கரைத்த நீர் குகைக் கூரையில் வந்து சொட்டாகத் தொங்கும்போது வேலை தலைகீழாகிறது. சோடா பாட்டிலைத் திறந்ததும் வாயு பொங்கி வெளியேறுவதுபோல, சொட்டிலிருந்து கரியமில வாயு குகைக் காற்றுக்குள் தப்பிப்போகிறது. வாயு போனதும் சுண்ணாம்பை வைத்துக்கொள்ளச் சொட்டுக்குத் திராணியில்லை. சொட்டின் விளிம்பைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத வளையமாகச் சுண்ணாம்பு ஒட்டிக்கொள்கிறது, சொட்டு விழுகிறது, அடுத்த சொட்டு அதே வளையத்தில் வந்து தொங்குகிறது. வளையத்தின்மேல் வளையமாகச் சேர்ந்து, குளிர்பானம் உறிஞ்சும் ஸ்ட்ரா போன்ற உட்துளையுள்ள குழல் கீழ்நோக்கி நீள்கிறது. துளை அடைபட்டதும் நீர் வெளிப்புறமாக வழிந்து குழலைப் பருக்கச் செய்கிறது. இதுவே கல்விழுது. விழுந்த சொட்டில் மிச்சமிருந்த சுண்ணாம்பு தரையில் படிந்து மேல்நோக்கி வளர்ந்தால் கல்முளை. இரண்டும் சந்தித்துக்கொண்டால் கல்தூண். வளர்ச்சி வேகம் இடத்துக்கு இடம் மாறும். ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு என்பது பொதுவான கணக்கு. ஒரு சாண் விழுது வளர இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் ஆகும்.

இதே ரசாயனத்தின் வேறொரு முகம் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இருக்கிறது. ஆண்டாள் கோயிலின் 11 நிலை ராஜகோபுரத்தின் சுதைப்பூச்சு சுண்ணாம்பு வேலை. காளவாசலில் 900 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் 100 கிலோ தூய சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால், 44 கிலோ கரியமில வாயுவாகப் பறந்துவிடும். 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். அதை நீற்றி, மணலும் கடுக்காய்ச் சாறும் வெல்லமும் சேர்த்து அரைத்துப் பூசினால், பறந்துபோன வாயுவைக் காற்றிலிருந்து திரும்ப வாங்கிக்கொண்டு அது மறுபடி கல்லாகிறது. குகையில் வாயு வெளியேறுவதால் கல் பிறக்கிறது. கோபுரத்தில் வாயு உள்ளே வருவதால் கல் பிறக்கிறது. இரண்டிலும் விளைபொருள் ஒன்றே: கால்சியம் கார்பனேட். வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்துத் தெளியவைத்த நீரின்மேல், பாலாடைபோல ஒரு மெல்லிய ஏடு படர்வதைப் பார்த்திருக்கலாம். அந்த ஏடும் அதே கல்தான்.

கடலோரக் குகைகளுக்குத் தனி அழகு தருவது கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கம். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல் இன்றைக்கு இருப்பதைவிட ஏறக்குறைய 120 மீட்டர் கீழே இருந்தது. அப்போது காடும் பள்ளத்தாக்குமாகக் கிடந்த சுண்ணாம்பு நிலங்களில் பின்னர் கடல் புகுந்தது. குன்றுகளின் தலை மட்டும் தீவுகளாக நின்றன. வியட்நாமின் ஹா லாங் விரிகுடாவும் தாய்லாந்தின் பாங் ஙாவும் அப்படி மூழ்கிய குன்றுக் கூட்டங்கள். பிலிப்பைன்ஸின் பலவான் தீவில் 8 கிலோமீட்டருக்கு மேல் நிலத்தடியில் ஓடும் ஆறு ஒன்று நேராகக் கடலில் கலக்கிறது. அதன் கீழ்ப்பகுதியில் அலை ஏற்றமும் வற்றமும் உண்டு. தமிழர்கள் அதிகம் பார்த்த சுண்ணாம்புக் குகை கோலாலம்பூர் அருகே பத்துமலை. முருகன் சந்நிதிக்குப் போக 272 படி ஏறுபவர்கள், அண்ணாந்து பார்த்தால் கூரையிலிருந்து தொங்கும் விழுதுகளைக் காணலாம்; பலர் பார்ப்பதில்லை என்பது வேறு விஷயம். யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதும் சுண்ணாம்புப் பாறைதான். ஆனால் அங்கே கரைதல் கிணறாகவும் ஊற்றாகவும் வெளிப்படுகிறது: நிலாவரைக் கிணற்றின் மேல்நீர் நன்னீர், ஆழத்தில் உப்புநீர்.

இந்தியாவில் வெப்பமண்டலக் கடற்கரைச் சுண்ணாம்புக் குகை என்று தேடிப்போனால் அந்தமானுக்குத்தான், குறிப்பாகப் பராடாங் தீவுக்கு, போகவேண்டும். இந்திய நிலத்தட்டு கிழக்கே அமிழ்ந்து செல்லும் விளிம்பில் அந்தமான் தீவுக்கூட்டம் நிற்கிறது. கடலடியில் நுண்ணுயிர் ஓடுகளும் சிப்பிகளும் படிந்து இறுகிய சுண்ணாம்பு, அந்த நெருக்கலில் மேலே தூக்கப்பட்டது. ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை, அடர்காடு, சரிவு என்று விருதுநகரில் இல்லாத மூன்றும் அங்கே இருக்கின்றன.

போர்ட் பிளேரிலிருந்து (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) பராடாங் சுமார் 100 கிலோமீட்டர். சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டு மணி நேரத்தில் போர்ட் பிளேர் போய்விடலாம். அங்கே தமிழ் பேசும் ஓட்டுநர் கிடைப்பதும் சிரமமல்ல. ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வண்டிகளை வரிசையாக நிறுத்தி, காவலுடன் ஒன்றாக அனுப்புகிறார்கள். காரணம், சாலை ஜாரவா பழங்குடியினரின் காப்புக்காட்டுக்குள் போகிறது. அங்கே வண்டியை நிறுத்தவோ, படம் எடுக்கவோ, அவர்களுக்கு எதையும் கொடுக்கவோ கூடாது. 2002-இல் உச்ச நீதிமன்றம் இந்தச் சாலைப் பகுதியை மூடவே சொன்னது. 2013 தொடக்கத்தில் சில வாரம் சுற்றுலாப் பயணிகளுக்குத் தடையும் இருந்தது. குகையைப் பார்க்கப் போகும் பயணம் ஒரு மக்களின் வீட்டு முற்றம் வழியாகத்தான் போகிறது என்பதை மறந்துவிடலாகாது. பயணிகளில் சிலர் குகையைவிட ஜாரவாக்களைப் பார்க்கவே போகிறார்கள் என்பதுதான் இந்தப் பயணத்தின் அசிங்கமான பக்கம்.

மிடில் ஸ்ட்ரெய்ட் துறையில் வண்டியோடு படகேறி நீலாம்பூர் துறைக்குக் கடந்தால் பராடாங். அங்கே வனத்துறை அனுமதி வாங்கி விசைப்படகில் அரைமணி. முதலில் அகன்ற நீர். பிறகு படகு ஓடைக்குள் நுழையும். இருபுறமும் அலையாத்தி மரங்களின் வேர்கள் தாழங்குடையின் கம்பிகளைப் போலச் சேற்றில் ஊன்றி நிற்கும். ஓடை ஒடுங்க ஒடுங்க கிளைகள் தலைக்குமேல் கூடும். உவர்நீர் முதலைகள் உள்ள நீர் அது. கையை வெளியே விடவேண்டாம் என்று படகுக்காரர் சொல்வது வெறும் பயமுறுத்தல் அல்ல. நயாடேராவில் இறங்கி மரப்பலகைப் பாதையிலும் காட்டிலும் வயலோரத்திலுமாக ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடக்கவேண்டும்.

குகை வாய் அகலமானது. உள்ளே போகப் போக ஒடுங்கும். மின்விளக்கு இல்லை. வழிகாட்டி டார்ச் அடித்துத் தாமரை, யானை, பிள்ளையார் என்று உருவம் காட்டிக்கொண்டே போவார். அந்தக் கற்பனையைவிடப் பார்க்கவேண்டியது பாறையின் நிறம். ஈரம் வழியும் இடங்களில் விழுது பளிங்கு வெள்ளை. கை எட்டும் உயரத்தில் சில இடங்கள் எண்ணெய் படிந்த கதவுநிலைபோல் கறுத்திருக்கும். பார்க்க வந்தவர்கள் தடவித் தடவி ஏற்பட்ட கறை அது. தோலின் எண்ணெய்ப்பசை படிந்த பரப்பில் புதுச் சுண்ணாம்பு சரியாக ஒட்டாது. விழுதின் நுனியில் சொட்டு தொங்கினால் அது இன்னும் வளர்கிறது என்று பொருள்.

இந்த விழுதுகளும் முளைகளும் ஆய்வாளர்களுக்கு மழைப் பதிவேடு. பராடாங் குகைக் கல்முளை ஒன்றின் அடுக்குகளில் உள்ள ஆக்சிஜன் அணு வகைகளை அளந்து, ஏறத்தாழ 4,000 ஆண்டுப் பருவமழையின் ஏற்ற இறக்கத்தை 2013-இல் வெளியிட்டார்கள். ஒப்பிட்டால், நம் மாவட்ட மழைமானிகளின் வயது நூற்றுச் சொச்சம் ஆண்டுதான்.

அந்தமான் குகைகளில் வாழும் உழவாரக் குருவிகளில் ஒரு வகை, இருட்டில் ‘டிக் டிக்’ என ஒலியெழுப்பி எதிரொலியால் வழி கண்டுபிடிக்கும். எச்சிலை மட்டுமே கொண்டு வெண்ணிறக் கூடு கட்டும். சீனச் சூப்புக்காக அந்தக் கூடுகள் சூறையாடப்பட்டன. கோவை சலீம் அலி பறவையியல் மையத்தின் ரவி சங்கரன் 1990-களின் நடுவில் தீவு தீவாகச் சென்று குகைகளைக் கணக்கெடுத்தார். பிறகு வடக்கு அந்தமானின் சாலீஸ் ஏக் குகைகளில், கூடு திருடியவர்களையே காவலர்களாக்கிப் பறவைகளைப் பெருக்கும் திட்டம் வந்தது.

குகை பார்க்க ஏற்ற மாதங்கள் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை. மழைக்காலத்தில் படகு நிறுத்தப்படலாம், நடைபாதையும் வழுக்கும். முதல் வண்டி வரிசை காலை 6 மணிவாக்கில் கிளம்பும் என்பதால் போர்ட் பிளேரில் விடியுமுன்னே புறப்படவேண்டும். நேரங்கள் மாறக்கூடியவை, முதல் நாளே கேட்டுக்கொள்வது நல்லது. பிற்பகல் 3 மணியை ஒட்டித் திரும்பும் கடைசி வரிசையைத் தவறவிட்டால், அன்றிரவு பராடாங்கில்தான்.