ஆறு வயதில் முளைக்கும் பல்

"பால் பல்லுதானே ஐயா, விழுந்தால் முளைச்சிடும்." நம் தோட்டத்துப் பெற்றோர் பலரும் இவ்வாறு கூறுவதை நாம் கேட்டிருக்கிறோம். இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி, கன்னம் வீங்கி, வகுப்பில் மேசைமீது தலை சாய்த்துக் கிடந்த அன்றும் அவளுடைய தாயார் நம்மிடம் இதையேதான் கூறினார். பல் தாதி வந்து பார்த்தபோதுதான் உண்மை விளங்கிற்று. சொத்தையான பல் பாற்பல் அன்று. வாழ்நாள் முழுதும் இருக்க வேண்டிய நிலைப்பல். அதனைப் பிடுங்குவதைத் தவிர வேறு வழியில்லை என்று அறிந்ததும் அத்தாயார் கண்கலங்கி நின்றார். குற்றம் அவருடையதன்று, அவருக்கு எவரும் எடுத்துச் சொல்லவில்லை. அக்குறையைப் போக்கவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

குழந்தைக்கு ஏறத்தாழ 6 மாதத்தில் முதற்பல் முளைக்கிறது. 3 வயதிற்குள் மேல்வாயில் 10, கீழ்வாயில் 10 என 20 பாற்பற்களும் நிறைந்துவிடுகின்றன. ஆறு வயதளவில் முன்பற்கள் ஆடத் தொடங்கும். அது எல்லார் கண்ணுக்கும் தெரியும். ஆனால் அதே காலத்தில், பாற்பற்களின் வரிசைக்குப் பின்னால் நான்கு கடைவாய்ப் பற்கள் ஓசையின்றி முளைக்கின்றன. இவை எந்தப் பல்லும் விழுந்து அதனிடத்தில் முளைப்பவை அல்ல. ஆதலால் பெற்றோர் இவற்றையும் பாற்பற்கள் என்றே எண்ணிவிடுகின்றனர். முன்பற்களின் நடுவிலிருந்து ஒரு பக்கமாக எண்ணிச் சென்றால் ஆறாவதாக இருப்பதே அப்பல். அதனை இழந்தால் மீண்டும் முளைக்காது.

இப்பல்லின் மேற்பரப்பில் ஆழமான பள்ளங்கள் உண்டு. உணவுத் துணுக்குகள் அவற்றில் எளிதில் தங்கிவிடும். வாயில் வாழும் நுண்கிருமிகள் இனிப்பை உண்டு அமிலத்தை உண்டாக்குகின்றன. அவ்வமிலமே பல்லை அரிக்கிறது. இனிப்பின் அளவைக் காட்டிலும், நாளொன்றுக்கு எத்தனை முறை உண்கிறோம் என்பதே பெருங்கேடு. ஒரு மிட்டாயைச் சாப்பாட்டுடன் தின்பதும், பத்து மிட்டாய்களை நாள் முழுதும் ஒவ்வொன்றாகச் சுவைப்பதும் ஒன்றாகா.

அவ்வாறாயின் பாற்பல் கெட்டால் கேடில்லையோ? உண்டு. பின்புறப் பாற்பற்கள் 10 முதல் 12 வயது வரை இருக்க வேண்டியவை. அவை முன்னதாகவே போய்விட்டால் பக்கத்துப் பற்கள் அவ்விடத்தில் சாய்ந்துகொள்ளும். பின்வரும் பல் இடமின்றிக் கோணலாக முளைக்கும். மேலும், பல்வலியால் இரவெல்லாம் உறங்காத பிள்ளை காலையில் பாடத்தில் எவ்வாறு மனம் செலுத்தும்?

அன்புப் பெற்றோர்களே! விடியுமுன் வேலைக்குப் புறப்படும் உங்கள் சிரமத்தை நாம் அறிவோம். எனினும் பெருஞ்செலவின்றிச் செய்யக்கூடியவை சில உள. முதற்பல் முளைத்த நாள் முதலே துலக்கிவிடுங்கள். இனிப்புக் கெட்டிப்பால் கலந்த பால்புட்டியை வாயில் வைத்தபடி குழந்தையை உறங்க விடாதீர்கள். புளோரைடு கலந்த பற்பசையை, மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஓர் அரிசியளவும், அதற்கு மேற்பட்ட பிள்ளைக்கு ஒரு பட்டாணியளவும் இடுங்கள். அடுப்புக்கரியும் செங்கற்பொடியும் பல்லைத் தேய்த்துவிடும், அவை வேண்டா. காலையில் நேரமில்லையெனினும் இரவில் உறங்குமுன் துலக்குவதைத் தவறவிடாதீர்கள். ஏழெட்டு வயது வரை பிள்ளையின் கையோடு உங்கள் கையும் சேரட்டும்.

நம் நாட்டில் பள்ளிப் பிள்ளைகளின் பற்களைப் பேணுவதற்காக 1949-ஆம் ஆண்டிலேயே பினாங்கில் பல் தாதியர் பயிற்சி தொடங்கிற்று. அப்பணியின் பயனே இன்று நம் பள்ளிக்கு வரும் பல் மருத்துவக் குழு. சொத்தை சிறியதாக இருக்கையிலேயே அவர்கள் அடைத்துவிடுவர். தேவையெனக் கண்டால் பள்ளங்களை மூடும் காப்புப் பூச்சும் இடுவர். ஆனால் உங்கள் ஒப்புதலின்றி அவர்கள் சிகிச்சை செய்ய இயலாது. கையொப்பமிடாத பாரங்கள் பல புத்தகப் பையின் அடியிலேயே கிடந்து கசங்கிப் போவதை நாம் காண்கிறோம். பாரம் வந்தால் அன்றைக்கே கையொப்பமிட்டு அனுப்புங்கள்.

மாணவச் செல்வங்களே! பல் தாதியைக் கண்டு கழிவறையில் ஒளிந்துகொள்ள வேண்டா. வலி வருமுன் செல்பவருக்கு அச்சமில்லை.

இன்றிரவு உங்கள் பிள்ளையை விளக்கின் அருகே நிறுத்தி வாயைத் திறக்கச் சொல்லுங்கள். ஆறாவது பல்லை எண்ணிப் பாருங்கள். அது முளைத்திருந்தால், வாழ்நாள் முழுதும் உடன்வர வேண்டிய செல்வம் அதுவென்று பிள்ளைக்கும் சொல்லுங்கள். நம் பிள்ளைகள் நோயின்றிக் கற்று உயர ஆவன செய்வோமாக.