யுங்பிராவ் மலைப் புகையிரதம்: கொடுக்கும் பணத்துக்குத் தகுமா?

'ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு' என்பது நம் முன்னோர் வாக்கு. பிரயாணத்துக்குச் செலவிடும் பணமும் ஒருவகையில் ஆற்றிலே போட்ட பணந்தான். வீடு திரும்பும்போது கையில் எஞ்சுவது யாதுமில்லை. கண் கண்டதும் மனம் கொண்டதுமே மிச்சம். ஆகவே, ஒரேயொரு மலைக்குச் சென்று மீளத் தலைக்கு 200 சுவிஸ் பிராங்குக்கு மேற் கேட்கும் புகையிரதத்தில் ஏறலாமா, விடலாமா என்ற வினா எழுந்தபோது, நானும் என் குடும்பத்தாரும் மூன்று நாட்கள் ஆலோசித்தோம். நம்மவரிற் பல்லாயிரவர் சுவிற்சர்லாந்திலே குடியேறி வாழ்கின்றனர். அவர்களைக் காணச் செல்லும் உறவினர் முன்னும் ஒருநாள் இதே வினா வந்து நிற்கும். அவர்களுக்குப் பயன்படலாம் என்ற எண்ணத்துடனேயே இதனை எழுதுகின்றேன்.

என் தம்பி இன்டர்லாக்கன் என்னும் சிறு நகரிலே ஒரு ஹோட்டலின் சமையலறையில் 23 ஆண்டுகளாக வேலை செய்கின்றான். இரண்டு ஏரிகளுக்கு இடையில் அமைந்தமையால் அந்நகருக்கு அப்பெயர் வந்தது. ஆகஸ்ட் விடுமுறையில் நானும் மனைவியும் உயர்தர வகுப்பிற் படிக்கும் மகளும் அவனிடம் சென்றிருந்தோம். போய்ச் சேர்ந்த அன்றிரவே அவன் பேச்சைத் தொடங்கிவிட்டான்.

"அண்ணை, யுங்பிராவுக்குப் போகாமல் ஊருக்குப் போகேலாது. காசைப் பற்றி யோசியாதேங்கோ, நான் கட்டுறன்."

"நீ எத்தனை தரம் போனனீ?" என்று கேட்டேன்.

"நானோ? ஒருக்காலும் போகேல்லை. குசினி யன்னலுக்காலை நாளும் பாக்கிறன்தானே!" என்று சிரித்தான்.

அச்சிரிப்பு எனக்கு உறைத்தது. எங்கள் மூவருக்கும் வேண்டிய தொகையை என் சம்பளக் கணக்கிற் பெருக்கிப் பார்த்தேன். பல மாத உழைப்பு. அவன் கணக்கிற் பார்த்தாலும், அடுப்படியில் நின்று பெற்ற பல நாட் கூலி. தன் உழைப்பில் தான் ஒருநாளும் அனுபவியாததை எமக்கு வாங்கித்தர அவன் முற்பட்டான். அதனை ஏற்பதோ மறுப்பதோ எளிதாயிருக்கவில்லை.

மலையைக் குடைந்த கதை

யுங்பிராவ் என்றால் கன்னி என்பது பொருள். 4158 மீற்றர் உயரமான இச்சிகரத்துக்கு அருகே துறவி எனப் பொருள்படும் மென்க் சிகரமும், அதனையடுத்து ஐகர் சிகரமும் நிற்கின்றன. கன்னிக்கும் துறவிக்கும் இடையிலுள்ள தாழ்ந்த பகுதியே யுங்பிராவ்யோக். 'யோக்' என்ற ஜெர்மன் சொல்லுக்கு நுகம் என்று பொருள். அந்நுகத்தின்மேல், 3454 மீற்றர் உயரத்தில், ஐரோப்பாவிலேயே மிக உயரமான புகையிரத நிலையம் இருக்கின்றது. எங்கள் பீதுருதாலகால மலை 2524 மீற்றர் உயரமுடையது என்பதை நினைவிற் கொண்டால், அந்நிலையம் எத்துணை உயரத்தில் உள்ளது என்பது விளங்கும்.

1893 ஆம் ஆண்டில் சூரிச்சைச் சேர்ந்த கைத்தொழிலதிபர் அடோல்ப் குயர் செல்லர் இப்பாதைக்குத் திட்டமிட்டார். 1896 இல் வேலை தொடங்கியது. பனிப்புயலுக்கும் பனிச்சரிவுக்கும் தப்பும்பொருட்டு ஐகர், மென்க் ஆகிய இரு மலைகளின் வயிற்றைக் குடைந்து பாதை அமைத்தனர். மொத்தம் 9 கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட பாதையில் 7 கிலோமீற்றருக்கு மேல் சுரங்கமே. வேலையாட்களிற் பெரும்பாலோர் இத்தாலியர். ஏழு ஆண்டுகளில் முடியுமென மதித்த வேலை 16 ஆண்டுகள் நீடித்தது. வெடிவிபத்துகளாலும் பிற இடர்களாலும் சுமார் 30 தொழிலாளர் மாண்டனர். திட்டமிட்டவரும் 1899 இல் மறைந்தார். 1912 ஆகஸ்ட் 1 ஆம் திகதி, அந்நாட்டின் தேசிய தினத்தன்று, பாதை முழுவதும் திறக்கப்பட்டது.

நாலடி முன்னேற ஓரடி உயரும் செங்குத்தான இடங்களும் இப்பாதையில் உண்டு. அங்கே சாதாரண சக்கரம் வழுக்கிவிடும். ஆகையால் இரு தண்டவாளங்களுக்கும் நடுவே பற்கள் வெட்டிய மூன்றாவது தண்டவாளம் ஒன்று உண்டு. வண்டியின் அடியிலுள்ள பற்சக்கரம் அதனைப் பற்றிப் பற்றி ஏறும். ஊட்டி மலை வண்டியில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குச் சென்றோர் இவ்வகை ஏற்பாட்டைக் கண்டிருப்பர். அங்கே ஓடிய புகழ்பெற்ற நீராவி இயந்திரங்களும் சுவிற்சர்லாந்தின் வின்டர்தூர் நகரிலே செய்யப்பட்டவையே. யுங்பிராவ் வண்டியோ தொடக்கம் முதலே மின்சாரத்தால் ஓடுவது.

முகில் மூடிய காலை

முதல்நாட் காலை நால்வரும் நிலையத்துக்குச் சென்றோம். மலையுச்சியிலுள்ள படக்கருவிகள் அனுப்பும் காட்சியை அங்கே ஒரு திரையில் இடைவிடாது காட்டுவார்கள். தம்பி பணப்பையை எடுத்துக்கொண்டு வரிசையை நோக்கி நடந்தான். மகள் அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"சித்தப்பா, இந்தப் படத்தைப் பாருங்கோ. ஒண்டும் தெரியேல்லை. வெள்ளைச் சுவர்தான்."

உண்மைதான். முகில் உச்சியை முற்றாக மூடியிருந்தது. அவ்வாறிருந்தும் வரிசையில் நின்றோர் நூற்றுக்கணக்கானோர். முன்கூட்டியே சீட்டு வாங்கியவர்களும், மறுநாள் வேறு நகருக்குப் போகவேண்டியவர்களும் அவர்களுள் இருந்திருப்பர். வெள்ளைச் சுவரைப் பார்ப்பதற்கு 200 பிராங்கா என்று எண்ணித் திரும்பினோம்.

அன்று அயலிலுள்ள வில்டர்ஸ்வீல் என்னுமிடத்திலிருந்து ஷீனிகே பிளாட்டே என்ற மலைக்குச் சென்றோம். 1893 இல் திறந்த இப்பற்சக்கரப் பாதையிற் கோடை காலத்தில் மட்டும் வண்டி ஓடும். பழைய மரப்பெட்டிகள், காற்று உள்ளே வீசும், 1967 மீற்றர் உயரத்தை அடைய ஏறத்தாழ 50 நிமிடம். கட்டணமோ யுங்பிராவுக்கு ஆகும் செலவின் மூன்றிலொரு பங்களவே. மேலே அல்ப்ஸ் மலைச் செடிகளை வளர்க்கும் ஒரு தோட்டம் உண்டு. முகிலுக்குக் கீழேயே நாங்கள் நின்றமையால் இரு ஏரிகளும் காலடியில் தெரிந்தன. பிற்பகலில் முகில் சற்றே கிழிந்தபோது மூன்று சிகரங்களும் எதிரே தோன்றின. "எனக்கு இது போதும்" என்றாள் மனைவி. இழுப்பு நோயுடைய அவளை அதிக உயரத்துக்குப் போகவேண்டாமென வைத்தியர் முன்னரே கூறியிருந்தார்.

மேலே கண்டவை

மூன்றாம் நாள் விடியற்காலையில் மகள் கைத்தொலைபேசியில் உச்சியின் காட்சியைப் பார்த்துவிட்டு எல்லோரையும் எழுப்பினாள். வானம் துடைத்துவிட்டாற் போல் இருந்தது. நான் ஒரு நிபந்தனை விதித்தேன்: தம்பியும் வரவேண்டும், அவன் சீட்டுக்கு நான் பணம் கொடுப்பேன். கைக்கடிகாரம் வாங்கவென்று வைத்திருந்த தொகை அதற்குப் போதுமாயிருந்தது. அங்கே வசிப்போர் பலரிடம் இருக்கும் அரைக்கட்டண அட்டை அவனிடமும் இருந்தமையால் அவனுக்குப் பாதிக் கட்டணமே. எங்கள் இருவரின் கட்டணத்தை அவன் கொடுத்தான். இவ்வாறு கடன் இருபக்கமும் தீர்ந்தது.

கிரின்டல்வால்டிலிருந்து ஐகர் பனிக்கட்டியாற்று நிலையம் வரை 2020 டிசம்பரிலே திறந்த கம்பிவடப் பெட்டியிற் சென்றோம்; அது 15 நிமிடத்தில் ஏறிவிடுகின்றது. பின்னர் புகையிரதம். உண்மையைச் சொல்வதானால், சுரங்கத்தினுள் ஏறக்குறைய அரைமணி நேரம் இருட்டைத் தவிரக் காண ஒன்றுமில்லை. இடையிலே பனிக்கடல் எனப் பொருள்படும் ஐஸ்மேர் நிலையத்தில் ஐந்து நிமிடம் நிறுத்துகின்றார்கள். பாறையிற் குடைந்த கண்ணாடி யன்னல் வழியே பனி வெடிப்புகளைப் பார்க்கலாம்.

உச்சியில் கடைகளும் உணவுச்சாலைகளும் பனியைக் குடைந்த மண்டபமும் சனக்கூட்டமும் உண்டு. இவற்றுக்காக மட்டும் அங்கு செல்லவேண்டியதில்லை. பணத்துக்குரிய பயன் வெளியிலே இருக்கின்றது. மின்னேற்றியில் ஸ்பிங்ஸ் மேடைக்கு ஏறினால், தெற்கே அலெச் பனிக்கட்டியாறு இரு மலைவரிசைகளுக்கு நடுவே வளைந்து செல்வதைக் காணலாம். ஏறத்தாழ 20 கிலோமீற்றர் நீளமான இது அல்ப்ஸ் மலைகளில் மிக நீண்ட பனிக்கட்டியாறு. இதனைச் சூழ்ந்த பிரதேசம் 2001 இல் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. புவியியற் பாடத்திற் பனிக்கட்டியாறு பள்ளத்தாக்கை அரிக்கும் விதத்தைப் படமாகக் கண்ட என் மகள், அதன் நடுவே ஓடும் கருங்கோடுகளைக் காட்டி, "அப்பா, இதுதான் நடு மொரேன்" என்றாள். இரு பனியாறுகள் கூடும்போது அவற்றின் ஓரத்துக் கற்குவியல்கள் ஒன்றாகி நடுவே செல்லும் கோடு அது.

இன்னுமொன்றையும் அறிந்தோம். கடந்த ஒன்றரை நூற்றாண்டில் வெப்பம் மிகுந்ததனால் இப்பனியாற்றின் முனை 3 கிலோமீற்றர் அளவு பின்வாங்கிவிட்டது. நாங்கள் கண்ட அளவை எங்கள் பேரப்பிள்ளைகள் காணமாட்டார்கள்.

தம்பி வெகுநேரம் ஒன்றும் பேசாது நின்றான். பின்னர் வடக்குப்புறம் திரும்பிப் பள்ளத்தாக்கைக் காட்டி, "அந்தப் பக்கந்தான் எங்கடை குசினி. இவ்வளவு நாளும் அங்கையிருந்து இங்கை பாத்தன், இண்டைக்கு இங்கையிருந்து அங்கை பாக்கிறன்" என்றான்.

ஆகவே, தகுமா?

எங்கள் அனுபவத்திற் கண்ட விடை இது. வானம் தெளிந்திருந்தால், வாழ்நாளில் ஒருமுறை, தகும். முகில் மூடியிருந்தால் எவ்விலைக்கும் தகாது. ஆதலால் உச்சியின் காட்சியைக் காலையிலே பாராமற் சீட்டு வாங்கலாகாது. அயலில் இரண்டு மூன்று நாட்களேனும் தங்கக்கூடியவருக்கே இப்பொறுமை வாய்க்கும். ஒருநாள் மட்டும் உள்ளவர் தாழ்ந்த மலையொன்றைத் தேர்வது புத்தி.

சுவிற்சர்லாந்து முழுவதும் செல்லுபடியாகும் உல்லாசப் பிரயாணிகளின் சீட்டை வைத்திருப்போர், யுங்பிராவுக்கும் அது போதுமென எண்ணி ஏமாறுவதுண்டு. அது கிரின்டல்வால்ட், வெங்கன் ஆகிய ஊர்கள் வரையிலேயே செல்லும். அதற்கு மேல் 25 வீதக் கழிவே கிடைக்கும். அரைக்கட்டண அட்டைக்குப் பாதிக் கழிவு உண்டு. எது இலாபமென்று முன்னரே கணக்கிட வேண்டும்.

உயரத்தையும் மறக்கலாகாது. அங்கே வளியமுக்கம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கே. எனக்கு ஒரு மணி நேரத்திற் தலையிடி கண்டது. மெதுவாக நடத்தலும் நீர் அருந்துதலும் நன்று. இருதய நோயாளரும் சுவாச நோயாளரும் வைத்தியரைக் கேளாமற் செல்லலாகாது. கோடையிலும் கம்பளி உடையும் கறுப்புக் கண்ணாடியும் அவசியம்.

நாங்கள் ஊர் திரும்பிய பின் தம்பி தொலைபேசியில் ஒரு செய்தி சொன்னான். காலைச் சாப்பாட்டு மேசையில் விருந்தினர் ஒருவர், மேலே போவது பணத்துக்குத் தகுமா என்று அவனைக் கேட்டாராம். முன்னெல்லாம் இவ்வினாவுக்குத் தோளைக் குலுக்கிவிட்டு உள்ளே போய்விடுவானாம். இம்முறை அவரை யன்னலருகே அழைத்துச் சென்று, மலையைக் காட்டி, "இண்டைக்கு வேண்டாம், நாளைக்குப் போங்கோ" என்ற கருத்தில் அவருடைய மொழியிலே பதில் சொன்னானாம்.